அட்டைக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே: ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்கள் ஆண்டு முழுக்கத் திறனைக் காப்பது எப்படி

பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்பு) பயிற்சிக்கான சான்று அட்டைகள் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். கைத்திறன் அவ்வளவு காலம் தாங்காது. பயிற்சிப் பொம்மையில் நன்றாகச் செய்த நெஞ்சு அழுத்தம், தொடர்ந்து பழகாவிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரியத் தொடங்கும். ஆய்வுகள் இதைப் பலமுறை காட்டியிருக்கின்றன. அதனால்தான் இரண்டாண்டுக்கு ஒரு நீண்ட வகுப்பைவிட, சிறிய பயிற்சியை அடிக்கடி செய்வதை அமெரிக்க இதய சங்கம் பரிந்துரைக்கிறது. ரெஃப்ரெஷர் வகுப்பை நிறுவனம் நடத்தும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் உள்ள மாதங்களை இ.எம்.டி. எனும் மருத்துவ உதவியாளரும் பைலட் எனும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி அந்த மாதங்களுக்கானது.

வெளிநாடுகளில் இதைக் கணக்கிடும் முறைகள் இரண்டு. அமெரிக்காவில் அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியப் பதிவேடு மணிநேரத்தைக் கேட்கிறது. அங்கே பாராமெடிக் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 60 மணி நேரக் கல்வியைக் காட்ட வேண்டும், இ.எம்.டி. 40 மணி நேரம். பிரிட்டனில் இத்தொழிலர்களைப் பதிவு செய்யும் ஹெச்.சி.பி.சி. அமைப்பு மணிநேரம் எதையும் நிர்ணயிக்கவில்லை. பதிவைப் புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, என்ன கற்றீர்கள், அதனால் உங்கள் பணி எப்படி மேம்பட்டது, நோயாளிக்கு என்ன பயன் என்று எழுத்தில் கேட்கிறது. ஆதாரமும் இணைக்க வேண்டும். நம் களத்துக்கு இரண்டாவது முறையே பொருந்தும். தலையணைக்குப் பக்கத்தில் வீடியோவை ஓடவிட்டுத் தூங்கினாலும் மணிநேரம் சேர்ந்துவிடும். ‘நோயாளிக்கு என்ன மாறியது’ என்ற கேள்வியை அப்படி ஏமாற்ற முடியாது.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தொழிலுக்கென்று பதிவேடு வரும்போது, கையில் ஒழுங்கான குறிப்பேடு வைத்திருப்பவருக்கு வேலை எளிது.

எதைப் பழகுவது

பிடித்ததைப் படிப்பதுதான் பொதுவாக நடக்கிற தவறு. ஈ.சி.ஜி. பிடித்தவர் ஈ.சி.ஜி.யே பார்ப்பார். பச்சிளம் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் முகமூடி வைக்கத் தயங்குபவர் அந்தப் பக்கமே போக மாட்டார். இதைத் தவிர்க்கக் கடைசியாகப் பார்த்த 30 அழைப்புகளின் படிவங்களைப் புரட்டுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் கை ஒரு நொடி நின்றது? எதைச் செய்யும் முன் கால் சென்டர் மருத்துவரிடம் கேட்க வேண்டியதாயிற்று? அனுமதிக்காகக் கேட்டது நெறிமுறை, அதைக் குறிக்க வேண்டாம். தெரியாததால் கேட்டதை மட்டும் குறியுங்கள்.

பிறகு இன்னொரு பட்டியல். அரிதாக வரும், ஆனால் தவறினால் திருத்த முடியாத நிலைகள் அதில் இருக்க வேண்டும்: இதய நிறுத்தம், மூச்செடுக்காத சிசு, பிரசவத்துக்குப் பின் பெருக்கெடுக்கும் ரத்தம், கர்ப்பிணிக்கு வலிப்பு, பூச்சிமருந்து குடித்தவர், கட்டுவிரியன் கடி, ஒவ்வாமை அதிர்ச்சி. தினமும் வரும் விபத்துக் காயங்களில் கை தானாகப் பழகிவிடும். பழகாதது இந்தப் பட்டியல்தான். இரண்டு பட்டியலிலும் இருக்கும் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள், காலாண்டுக்கு ஒன்று. ஐந்தாவதைச் சேர்த்தால் ஒன்றும் முழுதாக நடக்காது.

இதோடு பருவத்தையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அழைப்புகள் மாதத்தோடு மாறும். தைக்கு முன்பே மாட்டுக் கொம்புக் காயத்தைப் பழகுங்கள். வெளியே வந்த குடலை உள்ளே தள்ளக் கூடாது. சலைனில் நனைத்த காஸ் வைத்து, அதன்மேல் ஈரம் காயாதபடி மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைக்க வேண்டும். சித்திரை முடியுமுன் வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு நினைவும் தடுமாறினால் முதலில் குளிர்விப்பது, அடுத்துதான் வண்டி நகர்வது. கோடை விடுமுறையில் கிணறும் குளமும் நினைவிருக்கட்டும். நீரில் மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பதில் தொடங்க வேண்டும், நெஞ்சு அழுத்தத்தில் அல்ல. ஐப்பசிக்கு முன் தீக்காயம்: ஓடும் குளிர்நீர் 20 நிமிடம், பேனா மையும் பற்பசையும் கூடவே கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பாம்புக்கடி.

பாம்புக்கடியில் ஒரு சிக்கலைத் தனியாகப் பழக வேண்டும். உறவினர் ஏற்கெனவே கயிறு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பார்த்தவுடன் அவிழ்க்கத்தான் கை போகும். ஆனால் தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் உடலுக்குள் இறங்கினால் மூச்சு நின்றுபோகலாம். காற்றுப்பாதை உபகரணம் தயாராக இருந்து, மருத்துவரின் சொற்படி மெதுவாகத் தளர்த்துவதே முறை. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் இல்லாமலே போகலாம். தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தொங்கத் தொடங்கினால் பல்தடம் தேடி நேரம் கடத்தாதீர்கள்.

பதினைந்து நிமிடப் பயிற்சி

ஷிப்ட் மாறும்போது வண்டியைச் சோதிக்கும் நேரமே இதற்கு ஏற்றது. இரண்டு குழுவும் இருக்கும், உபகரணமும் திறந்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறை போதும். முதல் இரண்டு நிமிடம் நிலைமையைச் சொல்லுங்கள். ஏழெட்டு நிமிடம் செய்து பாருங்கள். மீதி நேரம் பேசுங்கள். செய்யும்போது யாரும் குறுக்கே திருத்தக் கூடாது. பாதியில் நிறுத்திச் சரி செய்தால் அடுத்த படி என்ன என்று கை கற்றுக்கொள்ளாது. இரவுப் பணி முடித்து அசந்து நிற்பவரை மட்டும் பார்வையாளராக விட்டுவிடுங்கள்.

நெஞ்சு அழுத்தத்தை அளந்து பழகுங்கள். எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். களத்தில் கெட்டுப்போவது இவற்றைவிட இடைவெளிதான். பின்வரும் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 110 வேகத்தில் 30 அழுத்தத்துக்கு ஏறக்குறைய 16 நொடி ஆகும். இரண்டு மூச்சுக்கு 5 நொடி எடுத்தால், மொத்த நேரத்தில் 76 சதவீதம் நெஞ்சில் கை இருக்கிறது. அதே இரண்டு மூச்சுக்கு 10 நொடி எடுத்தால் 62 சதவீதமாக இறங்கிவிடும். 60 சதவீதம் என்பது கீழ் எல்லை, நல்ல குழுக்கள் 80-ஐ எட்டப் பார்க்கும். அழுத்துபவர் எவ்வளவு வலுவாகச் செய்தாலும், முகமூடி பிடிப்பவர் தடுமாறினால் எல்லாம் வீண். ஆகவே, முதலில் பழக வேண்டியது, முகமூடி வழியே மூச்சு கொடுக்கும் பையான ஆம்பு பேக்கைத்தான்.

இதைச் செய்ய ஒரு செல்போனைப் பக்கவாட்டில் நிறுத்தி இரண்டு நிமிடம் படம் பிடியுங்கள். பிறகு ஓடவிட்டு, கை நெஞ்சில் இல்லாத நொடிகளைக் கூட்டுங்கள். 120-இலிருந்து கழித்து 120-ஆல் வகுத்தால் உங்கள் அளவு கிடைக்கும். தாளத்துக்கு மெட்ரோனோம் செயலியை 110-இல் வையுங்கள். தலையணையில் அழுத்திப் பழகாதீர்கள். ஆழமும் தெரியாது, மேலெழும் எதிர்விசையும் இருக்காது, தவறான பழக்கம் கையில் ஏறிவிடும். உயிருள்ள ஆள்மீது ஒருபோதும் வேண்டாம். நிலையத்தில் பொம்மை இல்லையென்றால் பக்கத்து நர்சிங் கல்லூரியின் அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் திறன் ஆய்வகத்தில் காலாண்டுக்கு ஒரு மணி நேரம் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பெரியவர்களுக்கான பையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். தேவை 500 முதல் 600 மி.லி.தான். ஒரு கையால், மூன்றில் ஒரு பங்கு, ஒரு நொடி நேரம், நெஞ்சு லேசாக எழுவது தெரிந்தவுடன் விட்டுவிட வேண்டும். பதற்றத்தில் இரண்டு கையாலும் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி மேலே வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். வண்டி நின்றிருக்கும்போது முகமூடியை ஒருவர் இரு கையாலும் பிடிக்க, இன்னொருவர் பையை அழுத்துவதே நல்லது. இதனால்தான் பைலட் பயிற்சியில் இருந்தே ஆக வேண்டும். வண்டியில் நீங்கள் இருவர்தான். அவருக்கு முகமூடி பிடிக்கத் தெரியாவிட்டால் நீங்கள் ஒருவர்தான்.

சம்பவ இடத்தில் பொதுமக்களில் யாராவது ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தால், அவர் அழுத்தத்தை மட்டும் செய்யும் சி.ஓ.எல்.எஸ். முறையைக் கற்றவராக இருக்கலாம். இந்தியாவில் பொதுமக்களுக்கு அதைத்தான் பரப்புகிறார்கள். அவரை உடனே விலக்காமல் தொடரச் சொல்லி, அந்த நேரத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியின் பட்டைகளை ஒட்டிவிடுங்கள். இந்தக் கைமாற்றத்தையும் ஒருமுறை நடித்துப் பாருங்கள்.

பிறந்த சிசுவுக்கு ஒரு நிமிடம்தான் கணக்கு. துடைத்து, தூண்டி, தலையைச் சரியாக வைத்து, அழவில்லையென்றால் அந்த 60 நொடிக்குள் முகமூடி முகத்தில் இருக்க வேண்டும். அது தாடை, வாய், மூக்கை மூட வேண்டும், கண்ணைத் தொடக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 40 முதல் 60. நெஞ்சு எழவில்லை என்றால் உடனே பலமாக அழுத்தாதீர்கள். தலையை மறுபடி சரிசெய்து, முகமூடியைத் திரும்பப் பதித்து, வாயையும் பிறகு மூக்கையும் சுத்தம் செய்து, வாயைச் சற்றுத் திறந்து பார்த்து, அதற்கும் எழாவிட்டால்தான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். நெஞ்சு நன்றாக எழுந்து 30 நொடி மூச்சு கொடுத்தும் இதயத்துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. துடிப்பை ஆறு நொடி எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால், எந்தப் படி விட்டுப்போகிறது என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியும்.

ரத்தப்போக்குத் தாய்க்கு அணிவிக்கும் என்.ஏ.எஸ்.ஜி. உடுப்பு உங்கள் வண்டியில் இருந்தால், அதை ஒருவருக்கொருவர் அணிவித்தே பழகலாம். கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்ட வேண்டும், வயிற்றுப் பகுதி கடைசி. கழற்றுவதும் கணுக்காலிலிருந்துதான், அதுவும் மருத்துவமனையில் ரத்தப்போக்கு நின்று நிலைமை சீரான பிறகு, ஒவ்வொரு பகுதிக்கும் 15 நிமிட இடைவெளியில். ரத்த அழுத்தம் 20 இறங்கினாலோ நாடி 20 ஏறினாலோ மீண்டும் கட்ட வேண்டும். வார்டில் புதிதாகப் பணியில் இருப்பவர் வயிற்றுப் பட்டையை முதலில் அவிழ்த்துவிடும் ஆபத்து உண்டு. ஒப்படைக்கும்போது இதைச் சொல்லும் வாக்கியத்தையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

மருந்துப் பிழை பெரும்பாலும் அறியாமையால் வருவதில்லை, அவசரத்தில் போடும் மனக்கணக்கால் வருகிறது. வாரம் இரண்டு கணக்கை வண்டியில் உள்ள ஆம்பியூலைக் கையில் வைத்தே போடுங்கள்.

அட்ரினலின் ஆம்பியூல் 1 மி.லி.யில் 1 மி.கி. ஒவ்வாமை அதிர்ச்சியில் பெரியவருக்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மி.லி. இதய நிறுத்தத்தில் சிரை (ஐ.வி.) வழியாக முழு ஆம்பியூல், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டும் ஒன்றோடொன்று மாறினால் உயிருக்கே ஆபத்து. 15 கிலோ குழந்தைக்கு ஒவ்வாமை என்றால்? கிலோவுக்கு 0.01 மி.கி., ஆக 0.15 மி.லி. ஒரு மி.லி. சிரிஞ்சை எடுத்துத்தான் இதை அளக்க முடியும். அந்தச் சிரிஞ்ச் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பதும் பயிற்சியில் அடங்கும்.

மெக்னீசியம் சல்பேட் 50 சதவீதம், 2 மி.லி. ஆம்பியூலில் 1 கிராம். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு அனுப்புமுன் தரும் தசை ஊசி 10 கிராம், அதாவது பத்து ஆம்பியூல், ஒவ்வொரு பிட்டத்திலும் ஆழமாக 5 கிராம், 10 மி.லி. பத்தையும் உடைத்து இழுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று காலாவதியான ஆம்பியூலில் ஒருமுறை பாருங்கள். அதற்குள் வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதும் விளங்கும். கொடுத்த பிறகு கவனிக்க வேண்டியது முழங்கால் அனிச்சையும் மூச்சும். அனிச்சை மறைந்தாலோ மூச்சு 16-க்குக் கீழே இறங்கினாலோ, மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம், அதாவது 10 சதவீதத்தில் 10 மி.லி., கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாமே மருத்துவரின் உத்தரவோடுதான்.

ஆக்சிஜன் கணக்கை எல்லோரும் கண்ணளவில் போடுகிறார்கள். பி டைப் உருளையின் நீர்க்கொள்ளளவு 10 லிட்டர். அழுத்த அளவி 100 பார் காட்டினால், கையிருப்பாக 20-ஐக் கழித்து, 80-ஐப் பத்தால் பெருக்குங்கள், 800 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 80 நிமிடம், 15 லிட்டர் என்றால் 53 நிமிடம். மலைப்பாதையிலிருந்தோ, நெரிசலில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால் இந்த உருளை போதாது. இது கிளம்புமுன் தெரிய வேண்டியது.

அழைப்பைத் திரும்பிப் பார்ப்பது

ஒப்படைத்தவுடன் நம் பார்வையிலிருந்து நோயாளி மறைந்துவிடுகிறார். நம் கணிப்பு சரியா என்று தெரியாமலே அடுத்த அழைப்புக்கு ஓடுகிறோம். ஒரே தவறு ஆண்டுக்கணக்கில் தொடர இதுவே காரணம். மாதத்துக்கு மூன்று அழைப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று நாளுக்குள் அந்த மருத்துவமனைக்கு அடுத்து போகும்போது அவசரப் பிரிவின் டூட்டி டாக்டரிடமோ ஸ்டாஃப் நர்ஸிடமோ கேளுங்கள். கேள்வி குறுகியதாக இருக்கட்டும். என்ன நோய் என்று முடிவானது? நாங்கள் போட்ட ஐ.வி. லைன் வேலை செய்ததா? வழியில் வேறென்ன செய்திருக்கலாம்? அவர்கள் கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் கேட்டால் பதில் கிடைக்கும்.

குழுவாகப் பேசும்போது வரிசை முக்கியம். முதலில் என்ன பார்த்தோம், என்ன நினைத்தோம், பிறகு என்ன செய்தோம், கடைசியில் அடுத்த முறை எதை மாற்றுவோம். ‘யார் செய்தது’ என்ற கேள்வி வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், பிறகு ஒன்றும் கற்க முடியாது. மூத்தவர் கடைசியில் பேசினால், புதியவர் தான் கண்டதைச் சொல்லுவார். குழந்தை இறந்தது போன்ற அழைப்புக்குப் பிறகு அன்றே அலச வேண்டாம். அன்று சாப்பாடும் துணையும்தான் தேவை.

நோயாளியின் பெயர், கைபேசி எண், முகம், வண்டி எண் எதுவும் குறிப்பில் வரக் கூடாது. ஈ.சி.ஜி. தாளை வாட்ஸ்அப் குழுவில் போடும்போது மேலே அச்சான பெயர் அப்படியே போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது. படம் எடுக்குமுன் அந்த விளிம்பை மடித்துவிடுங்கள். ‘50 வயதை ஒட்டிய ஆண், நெஞ்சுவலி’ என்பது கற்க முழுதும் போதும்.

புதியது எது, பழையது எது

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 தொடங்கியபோது பணியில் சேர்ந்தவர் கற்ற சி.பி.ஆர். (நெஞ்சு அழுத்தமும் மூச்சும் கொடுத்து உயிர்ப்பிக்கும் முறை) வேறு. 2010-இல் வரிசை மாறி அழுத்தம் முதலில் வந்தது. 2015-இல் ஆழத்துக்கு 6 செ.மீ., வேகத்துக்கு 120 என்று மேல் எல்லை வந்தது. 2020-இல் மீண்டும் திருத்தம். 2025 அக்டோபரில் வந்த அமெரிக்க இதய சங்க வழிகாட்டியில், தொண்டை அடைத்த பெரியவருக்கு முதலில் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம் என்று மாறிமாறிச் செய்யச் சொல்கிறது. அதற்கு முன் வயிற்று அழுத்தம் மட்டுமே கற்பித்தார்கள். சுவரில் ஒட்டிய படத்தின் மூலையில் உள்ள ஆண்டைப் பாருங்கள். அது பழையதென்றால் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் கண் அங்கேதான் போகும்.

புதிய வழிகாட்டியைப் படித்ததும் அப்படியே களத்தில் செய்துவிடவும் கூடாது. உங்கள் நிறுவனத்தின் எழுத்து நெறிமுறை மாறும்வரை அதுதான் சட்டம். வித்தியாசம் கண்டால் பக்க எண்ணோடு பயிற்சியாளருக்கு எழுதுங்கள். உங்கள் பணி எல்லைக்குள் வராத குழாய் செருகலை இணையத்தில் பார்த்துப் பழகும் நேரத்தில் முகமூடியைப் பழகினால் அதிகம் பேர் பிழைப்பார்கள்.

குறிப்பேடு

ஒரு நோட்டு, பயிற்சிக்கு அரைப்பக்கம். தேதி, எத்தனை நிமிடம், எந்த அழைப்பால் இது வந்தது, என்ன செய்தோம், அளந்தது என்ன, எதை மாற்றினோம், அந்த மாற்றம் களத்தில் வந்ததா. கடைசிக் கட்டத்தை அன்றே நிரப்ப முடியாது. வெறுமையாக விட்டு, வாய்ப்பு வரும்போது திரும்பி வந்து எழுதுங்கள்.

‘சி.பி.ஆர். பயிற்சி, 1 மணி நேரம், பயனுள்ளதாக இருந்தது’ என்ற பதிவு யாருக்கும் உதவாது. அதையே இப்படி எழுதலாம்: ‘இரண்டு பேர் சி.பி.ஆர்., 15 நிமிடம். காரணம்: சென்ற மாத அழைப்பில் மூச்சு கொடுக்க நேரம் பிடித்தது. வீடியோ அளவு 64 சதவீதம். முகமூடியை பைலட் இரு கையால் பிடிக்க, அழுத்துபவரே பையை அழுத்தினார், 75 சதவீதம். முடிவு: முகமூடியைப் பையோடு இணைத்தே வண்டியில் வைப்பது.’ இதைப் படிப்பவர் அடுத்த வாரம் அங்கிருந்து தொடரலாம்.

காலாண்டு முடிவில் அந்தக் காலாண்டின் இலக்கை அதே முறையில் மீண்டும் அளந்து, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஏறாத எண் இருந்தால் அதை அடுத்த காலாண்டுக்கும் கொண்டுபோங்கள், புதியதை எடுக்காதீர்கள். ரெஃப்ரெஷர் வகுப்புக்குப் போகும்போது நோட்டையும் கொண்டுபோய், ஏறாமல் நின்ற எண்களைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே காட்டுங்கள். சான்றிதழ்களின் நகலை அதே நோட்டின் பின் உறையில் வையுங்கள், காலாவதி நாளை முன்அட்டையில் பெரிதாக எழுதி, அதற்கு மூன்று மாதம் முன்பே வகுப்புக்கு விண்ணப்பியுங்கள்.